ஓட்டமும் திட்டமும்

ஓடுதல் மக்கள் முயன்று கற்கும் கலை அன்று. இயல்பாகவே அமைந்ததொரு செயல். நடக்கக் கற்ற குழந்தை நடையோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த சில திங்களுக்குள்ளேயே ஓடத் தொடங்கிவிடுகின்றது. தாய் பின்னே ஓடிப் பிடிக்க வேண்டியதாகின்றது. பள்ளிப் பருவத்தில் ஓட்டம் இன்றி விளையாட்டே இல்லை. ஆயின், கல்வி முடிந்து தொழில் தொடங்கியதும் பெரும்பாலோர் ஓட்டத்தை அடியோடு மறந்துவிடுகின்றனர். பின்னர் ஒருநாள், புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிப்பதற்காக நாற்பது அடி ஓட நேரும்போதுதான் தம் உடலின் நிலை அவர்களுக்குத் தெரியவருகின்றது.

பரிசும் பதக்கமும் கருதாது, உடல்நலமும் உள்ளத் தெளிவும் கருதி விடியற்காலையில் ஓடுவோரை இன்று உலகின் பல நகரங்களிலும் காணலாம். இவர்களுக்குள் நெடுங்காலமாக ஒரு வழக்கு உண்டு. ஒரு சாரார், "நாள்தோறும் தவறாது ஓடினால் போதும், கணக்கும் அட்டவணையும் எதற்கு?" என்பர். மற்றொரு சாரார், "இன்ன நாளில் இவ்வளவு தொலைவு, இன்ன வேகம் என்று முன்னரே வகுத்துக்கொள்ளாத ஓட்டம் கரையில்லாத ஆறு போன்றது" என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் பற்றிக்கொண்டால் தீங்கும் உண்டு. அஃது எவ்வாறு என்பதை அறிவதற்கு, நியூசிலாந்து நாட்டில் வாழ்ந்த காலணித் தொழிலாளர் ஒருவரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

நியூசிலாந்தின் வடதீவில் உள்ள பெருநகரம் ஆக்லாந்து. அவிந்துபோன எரிமலைகள் குன்றுகளாக ஊருக்குள்ளேயே ஆங்காங்கு நிற்கும். நகரின் மேற்கே வைடாக்கரே என்னும் மலைத்தொடர் காடடர்ந்து கிடக்கின்றது. இந்நகரில் 1917ஆம் ஆண்டு ஆர்தர் லிடியார்டு என்பவர் பிறந்தார். இவர் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். ரக்பி என்னும் பந்தாட்டத்தில் ஈடுபாடு உடையவர். வாரந்தோறும் ஆடுவதால் தம் உடல் உரம் வாய்ந்தது என்றே எண்ணியிருந்தார்.

முப்பது வயதை இன்னும் எட்டாத காலத்தில், ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இவரை ஐந்து மைல் ஓட அழைத்தார். அந்நண்பரோ இவரினும் மூத்தவர். உடன் ஓடிய லிடியார்டுக்குச் சிறிது தொலைவிலேயே மூச்சு முட்டியது, தொண்டை எரிந்தது, கால்கள் ஓய்ந்தன. மூத்தவர் எளிதாக ஓடிக்கொண்டிருந்தார். இளமையிலேயே தம் நிலை இதுவாயின் முதுமையில் என்னாகும் என்ற எண்ணம் அவரை வருத்தியது. மறுநாள் முதல் ஓடத் தொடங்கினார்.

அவருக்கு ஆசிரியர் இல்லை. கிடைத்த பயிற்சி நூல்கள் அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. ஆகவே, தம் உடலையே ஆய்வுக்களமாக ஆக்கிக்கொண்டார். ஒரு வாரம் குறைவாக ஓடிப் பார்த்தார். மற்றொரு வாரம் மிகுதியாக ஓடிப் பார்த்தார். சில வாரங்களில் அவர் ஓடிய தொலைவு 200 மைலையும் கடந்தது. அவ்வாறு அளவிறந்து ஓடிய காலங்களில் உடல் உரம் பெறவில்லை, சோர்வுதான் மிஞ்சியது. மிகக் குறைவாக ஓடிய காலங்களில் முன்னேற்றம் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக ஓடியபோதும் பயன் சிறிதாகவே இருந்தது. ஒருநாள் நெடுந்தொலைவு, மறுநாள் குறுந்தொலைவு என மாற்றி மாற்றி ஓடியபோதே உடல் விரைந்து தேறக் கண்டார். ஏறக்குறையப் பத்தாண்டுகள் இவ்வாறு ஆராய்ந்தபின், வாரத்திற்கு 100 மைல் அளவான ஓட்டமே வலிமை மிக்க இளைஞர்க்கு ஏற்றது என்னும் முடிவுக்கு வந்தார். இதற்கிடையே 1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் நியூசிலாந்தின் மாரத்தான் ஓட்டத்தில் அவரே முதல்வராக வந்தார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. லிடியார்டு முதலில் திட்டம் வகுத்துப் பின்னர் ஓடியவர் அல்லர். பல்லாண்டு நாள்தோறும் ஓடியமையால்தான் அவருக்குத் திட்டம் கிடைத்தது. ஓடாமல் அமர்ந்து எழுதிய அட்டவணையாயின், அது வேறெவருடைய அட்டவணையோ ஆகியிருக்கும்.

அவர் ஓடுவதைக் கண்ட அண்டை வீட்டு இளைஞர் சிலர் உடன் ஓடத் தொடங்கினர். அவர்களுக்காக அவர் வகுத்த முறை, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. போட்டி நடைபெறும் நாளை முதலில் குறித்துக்கொள்வார். அந்நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுவார். முதற்பகுதி அடித்தளம். பத்து வாரங்களுக்குக் குறையாமல், வேகம் கருதாது, வாரத்திற்கு 100 மைல் ஓடவேண்டும். அவற்றுள் வாரம் ஒருமுறை வைடாக்கரே மலைவழியே 22 மைல் ஓட்டம். 800 மீட்டர் ஓடுபவராயினும் சரி, மாரத்தான் ஓடுபவராயினும் சரி, இதில் வேறுபாடு இல்லை. அடுத்துச் சில வாரங்கள் மேட்டில் ஏறி ஓடும் பயிற்சி. அதன்பின் ஓடுகளத்தில் விரைவுப் பயிற்சி. இறுதியில் பயிற்சியைக் குறைத்து உடலைத் தெளியவிடுதல். உழுது, எருவிட்டு, விதைத்து, நீர் பாய்ச்சும் உழவன் ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் செய்வது போன்றது இது. அறுவடைக்கு நாள் நெருங்கியபின் உழுவதால் பயன் இல்லை அன்றோ?

800 மீட்டர் ஓட்டம் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடுவது. அதற்கு 22 மைல் மலையோட்டம் எதற்கு என்று பலரும் எள்ளினர். 1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. செப்டம்பர் 2ஆம் நாள், லிடியார்டின் மாணவர் பீட்டர் சினெல் 800 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் வென்றார். அதே நாளில் மற்றொரு மாணவராகிய மரே ஹால்பர்க் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் வென்றார். ஹால்பர்க், இளமையில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கை செயலிழந்தவர் என்பது அறியத்தக்கது. சில நாட்களுக்குப்பின் பாரி மகீ என்னும் மூன்றாம் மாணவர் மாரத்தானில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இருபத்தைந்து இலட்சம் பேர்கூட அக்காலத்தில் வாழாத ஒரு சிறு நாட்டில், ஒரு காலணித் தொழிலாளரிடம் பயின்றவர்கள் இம்மூவரும். அதன்பின் எள்ளுவார் இல்லை.

இதுவரை கூறியது வீரர்களின் கதை. வீரரல்லாதாருக்கு இதனால் பயன் யாது?

உரோமாபுரி வெற்றிக்குப்பின் லிடியார்டைப் பல சங்கங்கள் சொற்பொழிவுக்கு அழைத்தன. வணிகரும் அலுவலருமாகிய நடுவயதினர் பலர் அவர் பேச்சைக் கேட்டனர். அவர்களுள் உடல் பருத்தோர் உண்டு. இதயநோய் கண்டோரும் உண்டு. அக்காலத்தில் மாரடைப்பு வந்தவர் நெடுநாள் படுக்கையில் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ வழக்கமாக இருந்தது. லிடியார்டோ, மெல்ல மெல்ல ஓடினால் இதயம் வலுப்பெறும் என்றார். கேட்டவருள் சிலர் துணிந்து முன்வந்தனர். 1962ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ஆக்லாந்து மெல்லோட்டக் கழகம் தோன்றியது. பின்னாளில் அந்நகரின் மேயராக விளங்கிய காலின் கே என்பவர் அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். இன்று 'ஜாகிங்' என்று உலகெங்கும் வழங்கும் மெல்லோட்டம், மக்கள் கூடிச் செய்யும் ஓர் இயக்கமாக உருப்பெற்றது இங்கேதான் என்பர்.

வீரர்க்கு வகுத்த முறையை லிடியார்டு இவர்களுக்கு அப்படியே கொடுத்துவிடவில்லை. இவர்களுக்குப் போட்டி நாள் என்று ஒன்று இல்லை. எனவே, பின்னோக்கி எண்ணுவதற்கும் இடம் இல்லை. மேட்டுப் பயிற்சி, விரைவுப் பயிற்சி ஆகிய மேற்பகுதிகள் இவர்களுக்கு வேண்டா. எஞ்சியது அடித்தளம் ஒன்றே: அடிக்கடி ஓடுதல், மெல்ல ஓடுதல், சிறிது சிறிதாகத் தொலைவை வளர்த்தல். ஓட இயலாதபோது நடந்து, மூச்சு ஆறியபின் மறுபடியும் ஓடுதல். வீரனுடைய திட்டத்தில் முதற்படியாக இருந்தது, பொதுமக்களுக்கு முழுத் திட்டமாகவே ஆயிற்று.

1962ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டு ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். நால்வர் கூடி ஆளுக்கு ஒரு மைல் ஓடும் தொடரோட்டத்தில், நியூசிலாந்து வீரர் நிறுவியிருந்த உலகச் சாதனையை அவ்வாண்டுதான் அவருடைய மாணவர்கள் முறியடித்திருந்தனர். பவர்மனுக்கு அப்போது வயது 51. பிறரை ஓடச்செய்வதே தொழிலாக உடையவர். தாம் ஓடும் வழக்கத்தை விட்டுப் பல்லாண்டு ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிடியார்டு அவரை மெல்லோட்டக் கழகத்தாருடன் ஓட அழைத்துச் சென்றார். ஓடுவோர் ஆண், பெண், முதியர் எனப் பலதிறத்தினர். பவர்மன் இவர்களுடன் ஓடுவது எளிது என்று எண்ணிப் புறப்பட்டார். சிறிது தொலைவிலேயே பின்தங்கினார். கூட்டம் மேட்டில் ஏறி மறைந்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவர் மட்டும் அவருக்காகப் பின்னே நின்றுவிட்டார். அவர் மாரடைப்புக்கு ஆளாகி மீண்டவர். அம்முதியவர் உரையாடிக்கொண்டே ஓடினார். பவர்மனுக்கோ மறுமொழி கூற மூச்சு இல்லை.

உலகச் சாதனையாளரைப் பயிற்றியவர் ஒருவர், இதயநோய் கண்ட முதியவருக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் நின்ற அக்காட்சி, திட்டத்தை அறிந்திருப்பதற்கும் அதன்படி ஒழுகுவதற்கும் உள்ள தொலைவைத் தெளிவாகக் காட்டுகின்றது. பவர்மன் வெட்கி ஒதுங்கவில்லை. தங்கியிருந்த வாரங்களில் நாள்தோறும் ஓடினார். தாயகம் திரும்பும்போது அவர் இடுப்பின் சுற்றளவு குறைந்திருந்தது.

ஒரிகன் மாநிலத்தில் யூசீன் என்னும் ஊர் அவர் வாழ்ந்த இடம். 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஞாயிறுதோறும் பல்கலைக்கழக ஓடுகளத்துக்கு வந்து தம்மோடு மெல்ல ஓடுமாறு அவ்வூர் மக்களை அழைத்தார். முதற்கிழமை வந்தவர் சிலரே. அடுத்த கிழமை அது பெருகியது. செய்தி பரவப் பரவ, சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் திரண்டுவிட்டனர். முதியவர் பலர், பல்லாண்டு ஓடியறியாதவர் பலர், எவர் உடல் எந்நிலையில் உள்ளது என்று அறிவார் இல்லை. அக்கூட்டத்தைக் கண்ட பவர்மனுக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை, அச்சம் தோன்றியது. ஆர்வ மிகுதியால் எவரேனும் விழுந்து இறந்துபடின் என் செய்வது? அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இச்செயல் சிலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆயினும், அந்த ஒருநாள் காட்டிய எச்சரிக்கையே பின்வந்த நன்மைகளுக்கெல்லாம் காரணமாயிற்று எனலாம். பவர்மன் இதயநோய் மருத்துவராகிய ஹாரிசு என்பவரை நாடினார். இருவரும் நடுவயதினர் சிலரைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, மருத்துவ ஆய்வோடு ஓடச்செய்து, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு கூட்டலாம் என்று கணக்கிட்டனர். அதன் பயனாகப் பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று உருவாயிற்று. முதல் வாரத்தில் மிகச் சிறு தொலைவு மெல்லோடுதல், பின் நடத்தல், மீண்டும் மெல்லோடுதல். வாரங்கள் செல்லச் செல்ல நடை குறைந்து ஓட்டம் வளரும். உடல்நிலைக்கு ஏற்ப வெவ்வேறு படிநிலைகளும் வகுக்கப்பட்டன. 1967ஆம் ஆண்டு இது நூலாக வெளிவந்து, பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

அவர்கள் கூறிய அளவுகோல் ஒன்று மிக எளியது. ஓடும்போது உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேச இயலவேண்டும். பேச்சு முறிந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள். இக்காலத்தில் தொலைவையும் நாடித்துடிப்பையும் நொடிதோறும் கூறும் கைக்கடிகாரங்கள் வந்துவிட்டன. அவற்றையே பார்த்துக்கொண்டு ஓடி, எதிரே வரும் மாட்டைப் பாராதவரும் உண்டு. பேச்சு என்னும் அளவுகோலோ விலையற்றது, எங்கும் உடன்வருவது.

இனி, இவ்வளவு பொறுமை எதற்கு என்னும் வினா எழலாம். விடை உடலின் அமைப்பிலேயே உள்ளது. ஓட்டப் பயிற்சியால் உடலின் எல்லா உறுப்புகளும் வலுப்பெறுகின்றன. ஆனால், எல்லாம் ஒரே காலத்தில் வலுப்பெறுவதில்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிகுதியான குருதியைச் செலுத்தக் கற்றுக்கொள்கின்றது. தசைகளுள் நுண்ணிய குருதிக்குழாய்கள் பெருகுகின்றன. தசையணுக்களுள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளும் மிகுகின்றன. இம்மாற்றங்கள் சில வாரங்களுக்குள்ளேயே தோன்றத் தொடங்கிவிடும். ஆகவே, ஒரு திங்கள் ஓடியவர், மூச்சு எளிதாக வருவதைக் கண்டு, தாம் எதற்கும் ஆற்றல் பெற்றுவிட்டதாக எண்ணிவிடுகின்றார்.

எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் மாறுவன அல்ல. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும், உடல் எடையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட சுமை காலின்மேல் விழுகின்றது. ஒரு மைல் ஓடினால் ஏறக்குறைய 1,500 அடிகள் வைக்கவேண்டும். இச்சுமையைத் தாங்கும்பொருட்டு எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் கொத்தனார் சுவரின் ஒரு பகுதியை இடித்துவிட்டுத்தான் புதுச்சுவர் எழுப்புவார்; இடித்ததற்கும் எழுப்புவதற்கும் இடையே அச்சுவர் முன்னினும் வலிமை குன்றியே நிற்கும். எலும்பும் அத்தகையதே. பழைய பகுதி கரைந்து புதிய பகுதி உறுதிப்படுவதற்குத் திங்கள் கணக்கில் காலம் வேண்டும். அதற்குள் சுமையை மேன்மேலும் ஏற்றினால், கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். குதிகாலைக் கெண்டைக்காலோடு பிணைக்கும் தசைநாணும் நோகும். விரைந்து வளர்ந்த இதயத்தின் வலிமையை நம்பி, மெல்ல வளரும் எலும்பைக் கெடுத்துக்கொண்டவர் பலர். புதிதாக ஓடத் தொடங்குவோர் மூச்சுத் திணறி ஓட்டத்தை விடுவதும் உண்டு; நன்றாக ஓடக் கற்றபின் கால் நொந்து விடுவதும் அதற்குக் குறைவின்றி உண்டு.

இவ்விடத்தில்தான் திட்டம் இன்றியமையாததாகின்றது. நாள்தோறும் ஓடுவேன் என்னும் உறுதி நல்லதே. ஆயினும் எவ்வளவு ஓடுவது என்பதை அன்றன்றைய ஊக்கத்துக்கு விட்டுவிட்டால், ஊக்கம் மிகுந்த நாளில் உடல் முறியும்; குறைந்த நாளில் ஓட்டம் நிற்கும். ஊக்கம் அலைபோல் ஏறி இறங்குவது. திட்டம், ஏறிய நாளில் கடிவாளமாகவும் இறங்கிய நாளில் ஊன்றுகோலாகவும் நிற்கவேண்டும்.

பவர்மன் தம் கல்லூரி வீரரிடமும் இதனையே வற்புறுத்தினார். ஒருநாள் கடும் பயிற்சி செய்தால் அடுத்த நாள் எளிய ஓட்டமே ஓடவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பயிற்சியின்போது உடல் தேய்கின்றது, ஓய்வின்போதுதான் வளர்கின்றது. கென்னி மூர் என்னும் மாணவர் இவ்விதிக்கு அடங்காமல், எளிய நாளிலும் மறைவாக நெடுந்தொலைவு ஓடிவந்தார். முன்னேற்றமோ இல்லை. நோயும் நோவும் அடிக்கடி வந்தன. பவர்மன் அவரைக் கடுமையாக அடக்கி, மூன்று வாரங்கள் நாளுக்கு மூன்று மைலே, அதுவும் மெல்லவே, ஓடவேண்டும் என்று ஆணையிட்டார். மூர் மனம் வெதும்பியே கீழ்ப்படிந்தார். அவ்வாரங்கள் கழிந்தபின் இரண்டு மைல் போட்டியில் ஓடியபோது, தம் முந்தைய நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் ஓடிமுடித்தார். அவரே பின்னர் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காமவராக வந்தவர்.

ஓட்டத்துக்கு நேரம் இல்லை என்போர், இங்கிலாந்து நாட்டு ரோஜர் பானிசுடரின் பயிற்சியை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் இவர். அப்போது இவர் இலண்டனில் மருத்துவ மாணவர். மருத்துவமனை வேலைகளுக்கிடையே நண்பகல் உணவு வேளையில் கிடைத்த சிறுபொழுதே இவர் பயிற்சிக்கு உரியது. அச்சிறுபொழுதைத் தவறவிடாமல், திட்டமிட்டுச் செலவிட்டார். 440 கசம் ஓடுவது, இரண்டு நிமிடம் இளைப்பாறுவது, மீண்டும் ஓடுவது எனப் பத்து முறை செய்வார். 1953ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வாரங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறைத்துவந்தார். 1954 ஏப்பிரலில் அது 61 நொடியில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்போது இவர் செய்தது வியப்புக்குரியது. பயிற்சியை நிறுத்திவிட்டு நண்பரோடு ஸ்காத்துலாந்து மலைக்குச் சென்று, சில நாட்கள் பாறையேறித் திரிந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 நொடியில் ஓடினார். போட்டிக்கு முந்தைய ஐந்து நாட்களும் முழு ஓய்வு. மே 6ஆம் நாள் ஆக்சுபோர்டு நகரில் 3 நிமிடம் 59.4 நொடியில் மைலை ஓடிமுடித்தார்.

பானிசுடர் மலைக்குச் சென்றது அட்டவணையில் இருந்ததன்று. அட்டவணையையே பற்றிக்கொண்டிருந்தால் 61 நொடியிலேயே முட்டி மோதிக் களைத்திருப்பார். ஆயினும், பல திங்கள் இடைவிடாது பயின்ற உடலுக்குத்தான் சில நாள் ஓய்வு வலிமை தந்தது. பயிலாதவன் மலைக்குச் சென்றிருந்தால் அது வெறும் உலாவாகவே முடிந்திருக்கும்.

ஆக, போட்டி கருதாது ஓடுபவருக்குத் திட்டம் எவ்வளவு வேண்டும்? வாரத்தில் எந்நாட்களில் ஓடுவது, எந்த வேளையில் ஓடுவது, இவ்வாரத்தின் மொத்தத் தொலைவு எவ்வளவு, நீண்ட ஓட்டம் எந்நாளில், அதனை அடுத்த எளிய நாள் எது, இவ்வளவே போதும். ஒரு தாளின் கால்பகுதியில் எழுதி முடித்துவிடலாம். ஓட்டத்தின் பெரும்பகுதி மெல்லோட்டமாகவே இருத்தல் வேண்டும். மூன்று நான்கு வாரம் தொலைவைக் கூட்டியபின் ஒரு வாரம் குறைத்துக்கொள்வது நன்று. இதற்குமேல் நுணுக்கமாக வகுக்க வகுக்க, திட்டம் அழகு பெறும், ஓட்டம் குறையும். வண்ண வண்ணக் கோடுகளால் ஆறு திங்களுக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, மூன்றாம் வாரத்தில் அதன் எதிரே நிற்கவும் கூசுகின்றவர் இல்லாமல் இல்லை. தேர்வுக்கு அட்டவணை எழுதிய மாணவர்க்கு இது புதிய செய்தி அன்று.

அட்டவணை தவறும் நாளில் செய்யத்தக்கது யாது என்பதே ஓடுவோர் பலர் அறியாதது. காய்ச்சல் வரும், அடைமழை பெய்யும், வீட்டில் திருமணம் வரும், தேர்வு வரும். தவறிய ஓட்டத்தை அடுத்த நாள் ஓட்டத்தோடு சேர்த்து இருமடங்காக ஓடுவோர் உண்டு. கடன் தீர்ப்பதுபோல் அவர்களுக்கு ஒரு மனநிறைவு உண்டாகலாம். கால் எலும்போ அக்கணக்கை அறியாது. தவறியது தவறியதே, அன்றைக்கு உரியதை ஓடுதலே தக்கது. அரைமணி நேரம் ஓட இயலாத நாளில் பத்து நிமிடம் ஓடுவதற்கும் ஒரு பயன் உண்டு. உடலுக்கு அதனால் பெரிய ஆக்கம் இல்லாவிடினும், விடியலில் எழுந்து புறப்படும் வழக்கம் அறுபடாமல் காக்கப்படுகின்றது. காய்ச்சல் உள்ளபோது மட்டும் அப்பத்து நிமிடமும் ஆகாது. நெஞ்சில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்றுவிட்டு மருத்துவரை அடையவேண்டும். அங்குத் திட்டத்துக்கும் இடம் இல்லை, உறுதிக்கும் இடம் இல்லை.

இரண்டு மூன்று நாள் விட்டதனால் பெற்ற வலிமை போய்விடாது. இரண்டு மூன்று வாரம் அடியோடு விட்டால், இதயமும் தசையும் பெற்ற ஆற்றல் குறையத் தொடங்கும். அவ்வாறு நெடுநாள் விட்டவர் மீண்டும் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்குதல் கூடாது. அட்டவணையில் சில வாரங்கள் பின்னே சென்று, நடையும் ஓட்டமும் கலந்த முதற்படிகளுள் ஒன்றிலிருந்து புறப்பட்டால், பழைய நிலையை அடைய முதன்முறை ஆனதைவிடக் குறைந்த காலமே ஆகும்.